காரணத்துக்கு விட்ட இடம்

அடுத்த ஐந்து வருடத்தில் நான் எங்கே இருக்க விரும்புகிறேன் என்று தாளின் கடைசிக் கட்டத்தில் அச்சடித்திருந்தது. எங்கே இருப்பேன், ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருஷம் பாக்கியோடு இதே நாற்காலியில் இருப்பேன், அதுவும் ஆயுசு கெட்டியாக இருந்தால், என்று நினைத்துக்கொண்டார் பூமிநாதன். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சாப்பாட்டு டப்பாவை மூடின கையோடு ஆபீஸில் இருந்த முப்பது பேரையும் கூட்ட அறைக்குள் அடைத்துவிட்டிருந்தார்கள். சுவரில் 'இலக்கு நிர்ணயித்தல்' என்று பேனர். மேலிடத்து உத்தரவு, சனிக்கிழமையானாலும் கட்டாயம் வர வேண்டும், லீவு கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளனுக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம். கன்னத்தோரம் மைக், கசங்காத சட்டை. "கனவு காணக் கூச்சப்படாதீங்க சார், பேப்பர் நம்மளுதுதானே" என்று சிரித்தான். ஒரு பக்கம் சொந்த இலக்கு, மறுபக்கம் பணி இலக்கு. ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஆக மொத்தம் ஆறு கட்டம். ஆறும் வெறிச்சென்று கிடந்தன. சட்டைப் பையில் இன்னொரு தாள் நாலாக மடித்திருந்தது, அதிலும் ஒரு இடம் காலி. கண்காணிப்பாளர் பதவி உயர்வு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற கடிதம் அது. பெயர், பதவி, தேதி எல்லாம் டைப் அடித்தாயிற்று. காரணம் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு மட்டும் பாக்கி. பட்டியலில் பெயர் வந்து விருத்தாசலத்தில் போட்டிருக்கிறார்கள். போகிறேன் என்றால் வாயைத் திறக்க வேண்டியதில்லை, திங்கட்கிழமை அவர்களே விடுவித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் இன்றைக்கு ஐந்து மணிக்குள் பணியமைப்புப் பிரிவு எஸ்தர் மேடம் கையில் கடிதம் சேர வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தத் துறையில் இரண்டு தடவைதான் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது கடிதம் போனால் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் வீட்டுக்குப் போகிற நாள் வரைக்கும் உதவியாளர்தான். மணி இரண்டு இருபது. தொடையில் போன் கிடந்தது, வீட்டில் ஒரு ரிசல்ட் வர வேண்டியிருக்கிறது என்று எஸ்தர் மேடத்திடம் சொல்லிவிட்டுச் சத்தத்தை அணைத்து அதிர்வில் வைத்திருந்தார். நாலு மணிக்கு லேபில் ரிசல்ட் கொடுப்பார்கள், வாங்கினதும் கூப்பிடுகிறேன் என்று தனபாக்கியம் சொல்லியிருந்தாள். தனபாக்கியம் அவர் மனைவி. அவளுக்கு அக்குளுக்குக் கீழே ஒரு கட்டி.

காரணம். முதல் தடவையும் அதைத்தான் கேட்டார்கள். ஆறு வருஷம் ஆகிறது. இதே எஸ்தர் மேடம், கம்ப்யூட்டரில் விரலை வைத்துக்கொண்டு, "காரணம் என்னன்னு போடட்டும் சார்?" என்றாள். என்ன என்று சொல்வார்? பயமாயிருக்கிறது என்றா? அரசாங்கக் காகிதத்தில் அதற்கு இடம் உண்டா? அவளே பாவம் பார்த்து, "வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா சார்? வீட்டம்மாவுக்கா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது, ஒரு தலையாட்டல். பொய் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, வேண்டுமானால் சத்தியம் பண்ணுவார். 'மனைவியின் தொடர் உடல்நலக் குறைவு' என்று அவள் அடித்தாள், அவர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தலையாட்டல் அன்றோடு போயிருந்தால் பரவாயில்லையே! மறுநாளே கேண்டீனில் ஆரம்பித்தது. "வீட்ல இப்ப எப்படி சார் இருக்காங்க?" பரவாயில்லை. "டயாலிசிஸா சார்?" அந்த மாதிரிதான். இன்னொருத்தர் கர்ப்பப்பைதான் என்று முடிவே கட்டிவிட்டார். அவர் எதையும் சொல்லவில்லை, எதையும் மறுக்கவில்லை. ஆபீஸே கூடி அவர் மனைவிக்கு ஒரு நோயைத் தயார் பண்ணி, சீசனுக்குச் சீசன் கூட்டிக் குறைத்துக்கொண்டது. மூன்று வருஷம் கழித்து மறுபடி பட்டியல் வந்தபோது எஸ்தர் கேட்கக்கூட இல்லை. பழைய கடிதத்தைத் திறந்து தேதியை மாற்றிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் அவர் மனைவி பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாளாம். மந்திரித்த எண்ணெய் என்று சின்னச் சின்னப் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பாள், வலிக்கிற இடத்தில் தடவச் சொல்லி. எந்த இடம் என்று அவளும் கேட்டதில்லை. மேஜையின் அடி டிராயரில் பதினொரு பாட்டில் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகவும் துணிச்சல் இல்லை, டிராயரைத் திறந்தால் ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கும், அதனால் அந்த டிராயரை அவர் திறப்பதே கிடையாது.

தனபாக்கியத்தைப் பார்த்தவர்கள் யாராவது இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கேஸ் சிலிண்டரை ஒரு கையால் உருட்டிக்கொண்டு வருகிறவள். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்து போய், மலையும் ஏறி, திரும்பி வந்து அன்றைக்கே துணி துவைக்கிறவள். நாற்பத்தெட்டு வயசில் தலைவலி மாத்திரையின் பெயர் தெரியாது அவளுக்கு. ஒரு தடவை மார்க்கெட்டில் வாழைத்தாரை இடுப்பில் வைத்துக்கொண்டு இவரோடு வருகிறபோது எதிரே எஸ்தர் மேடம். தனபாக்கியம் நாலு எட்டு முன்னால் போய்விட்டாள், அவருக்கு நல்ல நேரம். "யாரு சார் இது?" "கொழுந்தியா." அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படித்தான் அத்தனை வேகமாக வந்ததோ! தாலி கட்டின பெண்டாட்டியைக் கொழுந்தியா என்று சொல்லிவிட்டு ராத்திரி அவள் போட்ட தோசையைத் தின்றார். அவளுக்கு எதுவும் தெரியாது. பட்டியலில் என் பெயர் வரவில்லை, ஆள் பிடிக்கிறவனுக்குத்தான் காலம் என்று இரண்டு தடவையும் சொல்லிவைத்திருந்தார். அவளும் ஆறு வருஷமாக ஆபீஸைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். மகள் கல்யாணப் பத்திரிகையில் கண்காணிப்பாளர் என்று போட முடியவில்லையே என்று அச்சாபீஸ் வாசலில் நின்று கண் கலங்கினாள். அந்த மகளும் திருப்பூரில் குடித்தனம் பண்ணுகிறாள், வீட்டில் வேறு ஆளில்லை, பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இந்தத் தடவை பட்டியல் வாட்ஸப்பில் வந்து, எதிர்வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிட்டார். கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். "பாத்தீங்களா, கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு, எத்தனை நாள்தான் மறைப்பானுங்க" என்றாள். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வந்துவிட்டது. விருத்தாசலத்தில் ரூம் எடுத்துத் தங்க வேண்டுமே என்று ஒரு ஆள் குக்கர், இரண்டு தட்டு, ஊறுகாய். அவருக்கு ஒவ்வொரு சாமானும் வந்து இறங்குகிறபோது நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமலே வாழ்ந்துவிட்ட மனுஷன்.

அதற்காகப் பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். டீக்கடையில் பேசுவார், தனபாக்கியத்தோடு வம்பிழுப்பார், கோப்பில் குறிப்பு எழுதினால் வரிக்கு வரி விதி எண் சொல்லி எழுதுவார். அவர் எழுதின குறிப்பில் கையெழுத்து மட்டும் போட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போன கண்காணிப்பாளர்கள் மூன்று பேர். எல்லாம் உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான். பத்துப் பேர் உட்கார்ந்திருக்க இவர் ஒருத்தர் எழுந்து நிற்க வேண்டும் என்றால் போச்சு. இருநூற்றுப் பன்னிரண்டு. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், கண்காணிப்பாளர் லீவு என்று ஆய்வுக் கூட்டத்துக்கு இவரை அனுப்பினார்கள். நீள மேஜை, தலைமாட்டில் அதிகாரி. நிலுவையில் எத்தனை மனு என்று கேட்டார். எத்தனை மனு! அதுதான் கேள்வி. இருநூற்றுப் பன்னிரண்டு. கையிலிருந்த தாளின் முதல் வரியிலேயே இருந்தது, காலையில் அவரே கூட்டிப் போட்ட எண். எழுந்து நின்றார். தொண்டையில் யாரோ கையை விட்டுப் பிடித்த மாதிரி. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. "எத்தனைங்க?" மறுபடியும் அசைந்தது. "ஏன்யா, ஊமையையா அனுப்பியிருக்கீங்க?" என்று அதிகாரி பக்கத்தில் பார்த்துக் கேட்க, மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. கெட்ட சிரிப்புகூட இல்லை, டீ வந்துகொண்டிருந்தது, பிஸ்கட் வந்துகொண்டிருந்தது, சும்மா சிரித்தார்கள். அடுத்த ஊர்க் கணக்கைக் கேட்கப் போய்விட்டார்கள். இவரை உட்காரச் சொல்ல எல்லோருக்கும் மறந்துவிட்டது. சொல்லாமல் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்பது நிமிஷம் நின்றார், கூட்டம் முடிகிற வரைக்கும். நாற்காலி முழங்காலின் பின்பக்கம் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த நாற்பது நிமிஷம் இன்னும் முடியவில்லை, அதுதான் விஷயம். குளிக்கும்போது வரும், பஸ்ஸில் வரும், சாமி கும்பிடும்போது வரும், இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்ப்பார். கண்காணிப்பாளர் ஆனால் மாதத்துக்கு ஒரு கூட்டம். வருஷத்துக்குப் பன்னிரண்டு. இன்னும் ஆறு வருஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை எழுந்து நிற்க வேண்டும். பட்டியலில் பெயரைப் பார்த்த அன்றைக்கே இந்தக் கணக்கைத்தான் போட்டார், வேறு எந்தக் கணக்கும் போடவில்லை.

"பெரியவங்க நிறையப் பேர் எழுதவே இல்லையே?" என்று பயிற்சியாளன் பின்வரிசைப் பக்கம் வந்தான். பூமிநாதன் சட்டென்று குனிந்து, ஒரு வருடம், சொந்த இலக்கு என்ற கட்டத்தில், 'மனைவி' என்று எழுதினார். மனைவி என்றால்? மனைவி பிழைக்க வேண்டும். மனைவி பிழைப்பது எனக்கு இலக்கா? அடித்தார். அடித்ததும் பகீரென்றது. மனைவி என்ற வார்த்தையையா கோடு போட்டு அடித்தோம், இன்றைக்குப் பார்த்தா, என்று அதன் மேலேயே திரும்ப எழுதினார், மை ஊறித் தாள் ஓட்டையாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சேலை மாற்றும்போது கை பட்டு, "என்னங்க, இங்க தொட்டுப் பாருங்க, புளியங்கொட்டை மாதிரி" என்றாள். தொட்டார். இருந்தது. வலிக்கவில்லையாம். வலிக்காததுதான் கெட்டது என்று எங்கோ படித்த ஞாபகம். டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பிவிட்டு, முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆறு வருஷமாக ஊரெல்லாம் உடம்பு சரியில்லை உடம்பு சரியில்லை என்று பேசிப் பேசி, மெழுகுவத்தி ஏற்றி ஏற்றி, அதற்கும் காது கேட்டுவிட்டதோ? நான் தலையை ஆட்டினேனே, அப்போதே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதோ? ஐயோ பாக்கியம், நான்தான்டி வரவழைத்தேன். அவள் இல்லாத வீடு வந்து நின்றது கண்ணில். கொடியில் காயாத சேலை. குக்கர் இரண்டு தட்டோடு அட்டைப்பெட்டியில். மகள் வந்து அழுவாள், எதிர்வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போடுவார், ஆபீஸிலிருந்து மாலையோடு வருவார்கள். வந்து, பாவம் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தாங்க என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் முழிப்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார் பூமிநாதன், சொந்தப் பெண்டாட்டி செத்துக்கிடக்கிற கனவில் அதற்குப் பதில் தேடினார்! பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, அடியில், ரொம்ப அடியில், வேறொன்று மெல்லத் தலை தூக்கியது. கட்டி கெட்டதாக இருந்தால் புள்ளிக்கோட்டில் எழுதலாம். பொய்யில்லாமல் எழுதலாம். நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம், அவளே போகாதீர்கள் என்பாள், கடவுள் வந்து போகாதே என்று சொன்ன மாதிரி. சீ! என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலி பாண்டிமீனா, புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட், திரும்பிப் பார்த்து, "என்ன சார்?" என்றாள். ஒன்றுமில்லம்மா, பேனா கசியுது என்றார்.

மணி மூன்றரைக்கு அந்தப் பாவி புதுசாக ஒன்றைக் கிளப்பினான். "எழுதினா பத்தாது, நாலு பேர் முன்னாடி வாய்விட்டுச் சொல்லணும், அப்பத்தான் மனசுல நிக்கும். முன்வரிசைல இருந்து ஒவ்வொருத்தரா எழுந்திரிச்சுப் படிங்க." பூமிநாதன் தலைகளை எண்ணினார். தனக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். ஆளுக்கு இரண்டு நிமிஷம். கடவுளே, எல்லோரும் நிறையப் பேசட்டும். பேசவும் பேசினார்கள். டிரைவர் ஒருத்தர், மூன்று வருஷத்தில் ஆபீஸ் வண்டிக்குப் புது டயர் வாங்க வைப்பதே பணி இலக்கு என்று சொல்லி அறையையே குலுங்க வைத்தார். தொப்பையைக் குறைப்பேன் என்றார் ஒருத்தர். எஸ்தர் மேடம் எழுந்து, துறைத் தேர்வு பாஸ் பண்ணி ஓய்வு பெறுவதற்குள் கண்காணிப்பாளர் ஆக வேண்டும் என்று நிதானமாகப் படித்தாள். பூமிநாதன் முழங்காலைப் பார்த்தார். அவள் கேட்பது இவர் பையில் மடித்து வைத்திருக்கிறது. பத்தொன்பது, பதினெட்டு. என்ன படிப்பது? ஓட்டை விழுந்த கட்டத்தையா? மூன்று வருடம், பணி இலக்கு: யாரும் என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஐந்து வருடம், பணி இலக்கு: அதே. எழுந்து பாத்ரூம் போகலாம் என்றால் கதவு முன்பக்கம், அத்தனை பேர் கண்ணெதிரே நடக்க வேண்டும். பதினொன்று, பத்து. இருநூற்றுப் பன்னிரண்டு. நாலு மணி ஆகி எட்டு நிமிஷம். ஏன் இன்னும் கூப்பிடவில்லை? கெட்டது என்றால் உடனே சொல்லமாட்டார்கள், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். அவளைத் தனியாக அனுப்பினேனே. கட்டாயப் பயிற்சி என்றால் போகாமல் இருக்க முடியாதா, இருந்திருக்கலாம், எதையும் செய்திருக்கலாம். ஏழு, ஆறு. தொடை நடுங்கியது, போன்தான் நடுங்கியது. எடுத்துக்கொண்டு ஓடினார், அத்தனை பேர் கண்ணெதிரேயும்தான்.

"என்னங்க!" என்றாள் தனபாக்கியம், லேப் வாசலில் ஆட்டோ சத்தத்துக்கு மேலே கத்தினாள். "ஒண்ணுமே இல்லையாங்க! வெறும் கொழுப்புக் கட்டியாம். டாக்டர் சிரிக்கிறாரு, தின்ன கொழுப்பும்மா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுங்கறாரு. கேக்குதா?"

கேட்டது. கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அப்படியென்றால் அந்த இடத்தில் என்ன எழுதுவது? அதுதான் முதலில் வந்தது. படியிறங்கும்போது ஒரு படி குறைந்தால் கால் எப்படி வெறுமனே போய் விழும், அப்படி விழுந்தது மனசு. அது ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான் இருக்கும், அதற்குள் அவரே அதைப் பார்த்துவிட்டார். "அட" என்றார்.

"என்ன அடங்கறீங்க, நான் இங்க அழுகையும் சிரிப்புமா நிக்கிறேன். நேத்து ராத்திரி பூரா நான் தூங்கவே இல்ல தெரியுமா? உங்ககிட்ட காட்டிக்கலை. நான் போயிட்டா இந்த மனுசன் அங்க தனியா சோறு பொங்கித் திம்பாரா, எனக்காக விருத்தாசலம் போகாம நின்னுருவாரோன்னுதான் கவலை. இத்தனை வருசம் கழிச்சு வந்த பதவி, என்னால கெட்டுச்சுன்னு ஆயிடக் கூடாதே. இனிமே என்ன? தைரியமா போங்க. ஆமா, திங்கக்கிழமை விடுவிச்சதும் அங்க எப்பச் சேரணும்னு கேட்டீங்களா?"

"கேக்குறேன்."

"மறந்துறாதீங்க. அல்வா வாங்கிட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டாள். வராந்தாவில் யாருமில்லை. பூமிநாதன் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றார். சந்தோஷப்படு, சந்தோஷப்படுடா நாயே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வந்தது, வராமல் இல்லை, கண்ணில் நீர்கூட வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? முப்பது வருஷமாக ஒரே பாயில் படுத்து, காய்ச்சல் என்றால் நெற்றியில் துணி போட்டவள், அவள் பிழைத்தாள் என்று கேட்டு ஏமாந்து போனவன் நான். ஏமாந்துதானே போனேன்? வேறு என்ன பெயர் அதற்கு? ஊமை என்று சொன்னவன்கூட இவ்வளவு கேவலமாக என்னைப் பற்றி நினைத்திருக்கமாட்டான். சரி, போய்விடுவோம். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு விருத்தாசலம் போவோம், எழுபத்திரண்டு தடவையும் நின்று சாவோம், இதற்கு அதுதான் தண்டனை. பையிலிருந்து எடுத்தார். இரண்டு விரலால் பிடித்தார். கிழிக்கத்தான் போனார், சத்தியமாகக் கிழிக்கத்தான் போனார். அதற்குள் கதவு திறந்து பாண்டிமீனா எட்டிப் பார்த்து, "சார், உங்க டர்ன், கூப்பிடுறாங்க" என்றாள்.

உள்ளே எல்லா முகமும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. பயிற்சியாளன் கையை நீட்டி வரவேற்றான். "வாங்க சார், அங்கேயே நின்னு சொல்லுங்க. ரொம்ப வேணாம், ஒரே ஒரு இலக்கு." பூமிநாதன் நின்றார். சொல்லிவிடலாம். விருத்தாசலம் போகிறேன் என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, முப்பது பேர் சாட்சி, கைகொடுப்பார்கள், ஸ்வீட் கேட்பார்கள், முடிந்தது. விருத்தாசலம். விருத்தாசலம். உதடு அசைந்தது. தொண்டைக்குள் அதே கை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "சொல்லுங்க சார், கூச்சப்படாதீங்க." மறுபடி அசைந்தது. கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை, அதை எல்லோரும் பார்த்தார்கள். யாருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஸ்தர் மேடம் எழுந்தாள். "சார், அவரை விட்டுருங்க சார். அவர் வீட்ல ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. இன்னைக்கு முக்கியமான ரிசல்ட். ரெண்டு தடவை ப்ரமோஷன் வந்தும் அவங்களுக்காகவே போகாம இருக்காரு." பயிற்சியாளன் முகம் மாறிவிட்டது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். "சாரி சார், எனக்குத் தெரியாது" என்றவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "மத்தியானத்துல இருந்து நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்ப சார் எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டாரு. தன் வளர்ச்சியை விட ஒரு உயிர் பெருசுன்னு நினைக்கிறதும் இலக்குதான். அவருக்காக ஒரு கைதட்டல்." தட்டினார்கள். டிரைவர் எழுந்து நின்று தட்டினார். பாண்டிமீனா துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது பேர் கைதட்ட, தலையைக் குனிந்துகொண்டு தன் நாற்காலிக்கு நடந்தார் பூமிநாதன். பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நின்றவரை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து அப்படி ஒரு சுகம் வந்தது. அந்தச் சுகத்துக்காக அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மடியில் வைத்துத் தாளைப் பிரித்தார். புள்ளிக்கோட்டில் பழைய வார்த்தைகளையே எழுதினார், 'மனைவியின் தொடர் உடல்நலக் குறைவு'. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எஸ்தர் மேடம் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். அவள் படித்தாள், காரணம் எழுதின இடத்தில் விரல் நின்றது. "இது மூணாவது சார். இதுக்கப்புறம் உங்க பேர் வராது. நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"ம்."

முத்திரை குத்தி நேரம் எழுதினாள். குரலைத் தாழ்த்தினாள். "ரிசல்ட் வந்துருச்சா சார்?"

"வந்துருச்சு."

"என்ன சொன்னாங்க?"

பூமிநாதன் பதில் சொல்லாமல் நின்றார். எஸ்தர் மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டே இருந்து, மெல்லக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. "மாதாவே" என்றாள். ஆறு வருஷம் மெழுகுவத்தி ஏற்றினவள், நிஜமாகவே தேம்பினாள். இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆள் பாக்க வந்தா அவங்க கூச்சப்படுவாங்களோன்னு நானா நினைச்சுக்கிட்டுதான் சார் இத்தனை வருசமா வரலை. இனிமே அதெல்லாம் பாத்தா முடியாது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பூசைக்குப் போகணும், இன்னைக்கே வர்றேன். கையோட ஆபீஸ்ல நாலு பேரையும் கூட்டிட்டு, இப்பவே உங்க கூட வர்றோம்" என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வர வேண்டாம் என்று சொல்லப் பூமிநாதன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது.